இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை. டிசம்பரில் டவுன்ஹில் இறங்கலாமா?

இந்தக் கடிதத்தை எழுதியவருக்கு 23 வயது. ஆல்ப்ஸ் மலை நாடு ஒன்றில் வளர்ந்த பனிச்சறுக்கு வீராங்கனை. மலைச்சரிவில் முழு வேகத்தில் இறங்கும் டவுன்ஹில் பந்தயம்தான் அவருடைய ஆட்டம். பெயர், நாடு, அணி மூன்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

18 வயதில் அவருடைய இடது முழங்காலில் ஏ.சி.எல். எனப்படும் முன் சிலுவைத் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து மீண்டு தேசிய அணியின் இரண்டாம் வரிசை வரை வந்தார். கடந்த மார்ச் தொடக்கத்தில் ஐரோப்பியக் கோப்பை டவுன்ஹில் ஒன்றில் விழுந்தார். இந்த முறை வலது முழங்கால். அதே தசைநார் அறுந்தது, கூடவே மெனிஸ்கஸ் ஜவ்வும் கிழிந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஜவ்வைத் தைத்து, தொடைப் பின்தசையின் நாணை எடுத்து ஏ.சி.எல்.லைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். இப்போது அக்டோபர் நடுப்பகுதி, ஆறரை மாதம் ஆகிறது. பனியாற்றின் மேல், கேட் எனப்படும் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஜயன்ட் ஸ்லாலம் பயிற்சியைத் தொடங்கிவிட்டார். டிசம்பர் நடுவில் வரும் ஐரோப்பியக் கோப்பை டவுன்ஹில்லில் இறங்கியாக வேண்டும் என்பது பயிற்சியாளரின் திட்டம்.

"பயிற்சி முடிந்த மாலைகளில் முழங்கால் வீங்குகிறது. அணி மருத்துவரிடம் சொல்லவில்லை, சொன்னால் நிறுத்திவிடுவார். காலையில் வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு மேலே போகிறேன்" என்று எழுதுகிறார். பந்தயத்துக்கு முன் முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வீக்கம் வற்றிவிடும் என்று ஒரு தோழி சொன்னாராம். இந்தப் பருவம் இறங்காவிட்டால் தரவரிசைப் புள்ளிகள் போய்விடும், ஸ்கி கம்பெனியின் ஒப்பந்தமும் வசந்தத்தில் முடிகிறது என்ற கவலை வேறு. இரவில், தான் விழுந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். மேடுகளில் எகிறும் முன் உடல் தானாகப் பின்னால் சாய்கிறது. "பயம் வந்துவிட்டால் டவுன்ஹில்காரி முடிந்தாள் என்பார்கள். நான் முடிந்துவிட்டேனா?" என்று கேட்கிறார். அம்மா, போதும் நிறுத்து என்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "சோஃபியா கோஜியா 23 நாளில் திரும்பி வந்து ஒலிம்பிக் வெள்ளி வாங்கினார். எனக்கு எட்டு மாதம் போதாதா?"

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் காலைத் தொட்டுப் பார்க்காமல், ஸ்கேனைப் பார்க்காமல் எழுதுகிறேன். அதனால் இது சிகிச்சை அல்ல. விளையாட்டுக் காயங்களைப் பல வருடங்களாகப் பார்த்துவரும் ஒரு மருத்துவரின் யோசனை, அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயத்தை ஸ்கேன் இல்லாமலே சொல்ல முடியும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அறுந்த தசைநார் அல்ல, மறைத்து வைத்திருக்கும் வீக்கம்.

பயிற்சிக்குப் பின் மூட்டில் நீர் கோத்தால், அன்றைய சுமையை மூட்டால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். இது வெறும் எச்சரிக்கையோடு நிற்பதில்லை. மூட்டுக்குள் நீர் இருக்கும்போது தொடையின் முன்தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையை உடல் தானே குறைத்துவிடும். நீங்கள் எவ்வளவு மனத்திடத்தோடு அழுத்தினாலும் தசை முழு பலத்தைத் தராது. டவுன்ஹில் திருப்பத்தில் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசையைத் தாங்குவது அந்தத் தசைதான். வலி மாத்திரை வலியை மறைக்கும், கொஞ்சம் வீக்கத்தையும் குறைக்கும். சுமை அதிகமாகிவிட்டது என்பதைச் சொல்ல உங்களிடம் இருந்த ஒரே கருவியையும் அது அணைத்துவிடுகிறது. தினமும் காலையில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். வயிறு, சிறுநீரகம் பற்றிய பேச்சு தனி, அதற்குள் இப்போது போகவில்லை.

கோஜியாவின் 23 நாள்

இந்த உதாரணத்தை நீங்கள் மட்டும் சொல்லவில்லை. காயத்தோடு என்னிடம் வரும் இளம் ஸ்கி வீரர்கள் பலரும் சொல்கிறார்கள். இத்தாலிய வீராங்கனை கோஜியா 2022 ஜனவரி 23-இல் கோர்ட்டினாவில் விழுந்தார், பிப்ரவரி 15-இல் பெய்ஜிங் ஒலிம்பிக் டவுன்ஹில்லில் வெள்ளி வாங்கினார். உண்மைதான், அசாதாரணமான சாதனை. ஆனால் அந்தச் செய்தியில் ஒரு சொல்லைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவருக்குச் சிலுவைத் தசைநார் பகுதியளவே கிழிந்திருந்தது, கூடவே கால் எலும்பில் சிறிய முறிவு. தசைநார் முழுதாக அறுந்து, வேறொரு நாணை வைத்துக் கட்டிய முழங்கால் அல்ல அது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

உங்கள் காலுக்குள் இப்போது இருப்பது உயிரற்ற கயிறும் அல்ல, முழுதாக வளர்ந்த தசைநாரும் அல்ல. வைத்துக் கட்டிய நாண் முதலில் தன் ரத்த ஓட்டத்தை இழக்கிறது. பிறகு புதிய ரத்தக்குழாய்கள் அதற்குள் நுழைகின்றன, அப்புறம் மெல்ல மெல்லத் தசைநாராக மாறுகிறது. இதற்கு ஒரு வருடத்துக்கு மேலே கூட ஆகும். இதில் சங்கடம் என்னவென்றால், நாண் முதிர்வதற்கு வெகுகாலம் முன்பே வலி போய்விடும். வலியில்லாத ஆறாவது மாதம் உங்களிடம் பொய் சொல்லும்.

ஏ.சி.எல். கட்டிய பிறகு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் கணக்கு சாதாரண மக்களுக்கானது, வீரர்களுக்கு அல்ல என்று எழுதியிருக்கிறீர்கள். அது விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களைப் பார்த்தே வந்த கணக்கு. 2016-இல் ஆஸ்லோ ஆய்வாளர்கள் 106 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒன்பதாவது மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தின் விகிதத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. தசை பலத்துக்கும் அசைவுக்குமான தேர்வுகள் எல்லாவற்றிலும் தேறிய பிறகு திரும்பியவர்களில் 5.6 சதவீதத்தினருக்கே மறுபடி முழங்கால் காயம் வந்தது. தேறாமல் திரும்பியவர்களில் அது 38.2 சதவீதம். ஆக ஒன்பது மாதம் என்பது போய்ச் சேர வேண்டிய இடம் அல்ல, அதற்கு முன்னால் பேச்சே வேண்டாம் என்பதற்கான கோடு. டிசம்பர் நடுப்பகுதி உங்களுக்கு எட்டே கால் மாதம்தான். போதாததற்கு, இது ஜவ்வையும் தைத்த முழங்கால்.

அவசரத்தின் விலைக்கு ஒரு உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்க டவுன்ஹில் வீராங்கனை லிண்ட்சி வானைப் பாருங்கள். 2013 பிப்ரவரியில் ஷ்லாட்மிங்கில் விழுந்து ஏ.சி.எல். அறுந்தது. 2014 பிப்ரவரி சோச்சி ஒலிம்பிக் கண்முன்னே இருந்ததால் 2013 நவம்பரிலேயே பனியில் வேகம் எடுத்தார். அதே முழங்கால் பயிற்சியில் மறுபடி அடிபட்டது. சோச்சி போயே போய்விட்டது. அதன்பின் காத்திருந்து வந்தவர் 2014 டிசம்பரில் லேக் லூயிஸ் டவுன்ஹில்லை வென்றார். வென்றது காத்திருந்த பிறகு என்பதைக் கவனியுங்கள்.

தேர்வில் ஒரு பொறி

உங்கள் பிசியோதெரபிஸ்ட் தொடை பலத்தை அளந்து, வலது கால் இடது காலைப் போல 92 சதவீதம் வந்துவிட்டது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பொதுவாக 90 சதவீதம் தாண்டினால் தேர்ச்சி என்பார்கள். உங்கள் விஷயத்தில் இந்தக் கணக்கு ஏமாற்றும். ஏனென்றால் இடது காலும் அறுவை சிகிச்சை ஆன கால். போதாததற்கு, இந்த ஆறு மாதம் அதுவும் சும்மா இருந்து பலம் இழந்திருக்கிறது. பலவீனமான காலோடு ஒப்பிட்டால் எந்தக் காலும் பலமாகத்தான் தெரியும்.

உங்களுக்குச் சரியான அளவுகோல், காயத்துக்கு முன்பிருந்த நீங்களேதான். அணி ஒவ்வொரு கோடையிலும் உடல் தகுதித் தேர்வு வைத்திருக்கும். போன வருடப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் எடைக்கு எத்தனை மடங்கு பலம் இருந்தது என்று பாருங்கள். அந்த எண்ணோடு இப்போதைய வலது காலையும் இடது காலையும் தனித்தனியே ஒப்பிடச் சொல்லுங்கள். களைத்த பிறகும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். பெண்கள் டவுன்ஹில் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டி ஓடுகிற ஆட்டம். கடைசி இருபது நொடியில் தொடை எரியும்போது முழங்கால் எப்படி நிற்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். காலை ஒன்பது மணிக்கு, ஓய்வெடுத்த காலில் எடுத்த எண் அதைச் சொல்லாது.

ஊசி வேண்டாம்

தோழி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் 2022 ஜனவரி முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா, குளுக்கோகார்டிகாய்டு வகை ஸ்டீராய்டுகளை எந்த வழியில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை செய்திருக்கிறது. மூட்டுக்குள் போடும் ஊசியும் அதில் அடக்கம். மூட்டு ஊசி என்றால் ஊசிக்கும் போட்டிக்கும் நடுவே மருந்தைப் பொறுத்து 3 முதல் 10 நாள் இடைவெளி சொல்லப்பட்டிருக்கிறது. பரிசோதனைக்கு எடுத்த சிறுநீர் மாதிரியில் மருந்து தெரிந்தால், யார் போட்டார்கள், யார் சொன்னார்கள் என்பதெல்லாம் பிறகுதான். உங்கள் உடலுக்குள் போனதற்கு நீங்களே பொறுப்பு என்பதுதான் விதி. இதெல்லாம் சட்டம். மருத்துவராக என் காரணம் வேறு: வளர்ந்துகொண்டிருக்கும் நாணும் தைத்த ஜவ்வும் உள்ள மூட்டில், பந்தயத்துக்காக அந்த மருந்தை நான் போட மாட்டேன்.

விழுந்ததால் அறுந்ததா?

"நான் விழாமல் இருந்திருந்தால் கால் தப்பியிருக்கும். இப்போது ஏர்பேக் கட்டாயம் என்பதால் ஆபத்து குறைந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் கொஞ்சம் திருத்த வேண்டும்.

உலகக் கோப்பையில் நடந்த 20 ஏ.சி.எல். காயங்களின் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2011-இல் வந்தது. பெரும்பாலானவர்களுக்குத் தசைநார் போனது விழும்போது அல்ல, விழுவதற்கு முன்பே, இன்னும் சறுக்கிக்கொண்டிருக்கும்போது. பாதிப் பேருக்கு நடந்தது இதுதான்: திருப்பத்தில் வெளிக் காலின் ஸ்கி பிடிப்பை இழந்து விலகுகிறது, வீரர் அதை எட்டிப் பிடிக்கக் காலை நீட்டுகிறார், திடீரென்று ஸ்கியின் உள் ஓரம் பனியைக் கவ்வுகிறது, முழங்கால் உள்ளே முறுக்கிக்கொள்கிறது. பந்தயத்துக்காக இறுக்கி வைத்த பைண்டிங், அதாவது பூட்ஸை ஸ்கியோடு பூட்டும் பிடி, அந்தக் கணத்தில் கழலாது. இன்னும் சிலருக்கு எகிறி இறங்கும்போது உடல் எடை பின்னால் போனதால் அறுந்தது.

உடைக்குள் அணியும் ஏர்பேக் விழும்போது ஊதி, மார்பையும் முதுகையும் காக்கும். 2024-25 பருவத்திலிருந்து உலகக் கோப்பை டவுன்ஹில்லிலும், அதற்கு அடுத்த வேகப் பந்தயமான சூப்பர்-ஜியிலும் அதைக் கட்டாயமாக்கியது நல்ல முடிவு, நான் மனதார வரவேற்கிறேன். முழங்காலுக்கு அது எதுவும் செய்யாது. உங்கள் முழங்காலுக்கு ஏர்பேக் உங்கள் தொடைத்தசைதான்.

பயம் பற்றி

இப்போது நீங்கள் கேட்ட கேள்விகளிலேயே பெரியதற்கு வருகிறேன். எகிறும் முன் உடல் பின்னால் சாய்கிறது என்று எழுதினீர்கள். அதைக் கோழைத்தனம் என்று நீங்களே உங்களைத் திட்டிக்கொள்கிறீர்கள். மேலே சொன்ன ஆய்வை இங்கே பொருத்திப் பாருங்கள். பின்னால் சாய்ந்து, ஸ்கியின் வால் பக்கம் எடையோடு இறங்குவது ஏ.சி.எல். அறும் வழிகளில் ஒன்று. ஆகவே உங்கள் பயம் மனசுக்குள் மட்டும் இருக்கும் சமாச்சாரம் அல்ல, அது உங்கள் இடுப்பையும் எடையையும் நகர்த்துகிறது. பயத்தை அடக்கிக்கொண்டு இறங்கினால், பயந்த உடலோடுதான் இறங்குவீர்கள். நாண் முதிரவில்லை என்பது எப்படித் திரும்பாததற்கு ஒரு மருத்துவக் காரணமோ, அதே எடை இதற்கும் உண்டு. அணி மருத்துவரிடம் வீக்கத்தைச் சொல்லும்போது இதையும் சொல்லுங்கள்.

பயம் வந்தவர் முடிந்தார் என்பது பழைய பேச்சு. உலகக் கோப்பையில் யாரையும்விட அதிகம் வென்ற மிக்கேலா ஷிஃப்ரின், 2024 நவம்பரில் கில்லிங்டனில் விழுந்து வயிற்றுப் பக்கம் குத்துக்காயம் பட்ட பிறகு, அந்த அதிர்ச்சி மனதை விட்டுப் போகவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2025 பிப்ரவரி சால்பாக் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜயன்ட் ஸ்லாலமிலிருந்து தானாக விலகினார். தன்னால் முடிந்த ஸ்லாலமில் இறங்கினார். அதே மாதம் செஸ்ட்ரியரேயில் தன் 100-ஆவது வெற்றியை எட்டினார். பயத்துக்குப் பெயர் வைத்து, எதில் இறங்கலாம் எதில் வேண்டாம் என்று அவர் பிரித்துக்கொண்டதைத்தான் நான் உங்களுக்கும் சொல்கிறேன்.

இரவில் அந்த வீடியோவைப் பார்ப்பதை நிறுத்துங்கள். உடல் கற்றுக்கொள்வதற்கு மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பது எவ்வளவு உதவும் என்று உங்களுக்கே தெரியும். பந்தயத்துக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு, கையை அசைத்து அசைத்து முழுப் பாதையையும் ஓட்டிப் பார்ப்பீர்கள் இல்லையா? ஒவ்வொரு இரவும் விழுவதையே ஓட்டிப் பார்த்தால் உடல் அதையும் பழகும். வீடியோவை விளையாட்டு உளவியலாளர் ஒருவரோடு உட்கார்ந்து, பகலில், ஒரு முறை பாருங்கள். எந்த இடத்தில் ஸ்கி விலகியது, ஏன் விலகியது என்று தொழில்நுட்பமாகப் பாருங்கள். மனத் தயார்நிலையை அளக்க, ஏ.சி.எல். காயம் பட்டவர்களுக்கென்றே 12 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. மாதம் ஒருமுறை நிரப்பி வாருங்கள். தொடை பலத்தைப் போல அதுவும் ஏறுகிறதா என்று தெரியும்.

புள்ளிகளும் பணமும்

இது என் துறை அல்ல, ஆனாலும் உங்கள் அவசரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பருவம் இறங்காவிட்டால் எஃப்.ஐ.எஸ். என்ற சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் தரவரிசைப் புள்ளிகள் எல்லாம் கரைந்து, கடைசி எண்ணோடு தொடங்க வேண்டும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். காயம்பட்டவர்களுக்கு விதியில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. மருத்துவச் சான்றோடு உங்கள் தேசியச் சம்மேளனம் விண்ணப்பித்தால், காயத்துக்கு முந்தைய புள்ளிகளோடு ஒரு சிறிய அபராதத்தைச் சேர்த்து அப்படியே வைத்துக்கொள்ளலாம். இது தானாக நடக்காது, காலக்கெடுவும் உண்டு. உங்கள் பெயரில் விண்ணப்பம் போயிருக்கிறதா என்று சம்மேளனத்திடம் எழுத்தில் கேளுங்கள். டிசம்பரில் ஒரு பந்தயத்தில் அரைகுறையாக இறங்கினால் அந்தப் பாதுகாப்புக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் கையில் வரும் வரை எந்தப் பட்டியலிலும் பெயர் கொடுக்காதீர்கள்.

ஸ்கி கம்பெனி ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள்: காயக் காலத்தில் அடிப்படைத் தொகை குறைகிறதா, குறைந்தபட்சம் இத்தனை பந்தயம் என்று நிபந்தனை இருக்கிறதா, புதுப்பிக்கும் முடிவு எந்தத் தேதிக்குள். விளையாட்டு ஒப்பந்தம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் செலவழித்தால் போதும். ஸ்கி தயாரிப்பாளர்கள் முழங்கால் காயத்தைப் புதிதாகப் பார்ப்பவர்கள் அல்ல. 1980 முதல் 2005 வரை பிரெஞ்சு தேசிய அணியில் இருந்த 379 பேரை ஆராய்ந்தபோது 28 சதவீதத்தினருக்கு ஏ.சி.எல். ஒருமுறையாவது அறுந்திருந்தது. உலகின் முதல் 30 இடங்களுக்குள் வந்தவர்களில் அது ஏறக்குறையப் பாதி. உங்கள் ஒப்பந்தத்தை எழுதியவர்களுக்கு இது தெரியும்.

இன்னொன்று. ஆல்ப்ஸ் நாடுகளில் பலர் ராணுவம், காவல், சுங்கம் போன்ற துறைகளின் விளையாட்டுப் பிரிவில் சம்பளத்தோடு இருந்துகொண்டே பந்தயம் ஓடுகிறார்கள். உங்கள் நாட்டில் அது இருக்கிறதென்றால், காயக் காலத்திலும் சம்பளம் வரும் அந்த ஏற்பாட்டுக்கு விண்ணப்பிக்க இந்தக் குளிர்காலம் நல்ல நேரம்.

வயது போய்விட்டதா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்த அவசரம் தெரிகிறது. டவுன்ஹில் சீக்கிரம் பழுக்கும் ஆட்டம் அல்ல. ஒவ்வொரு மலையின் பள்ளத்தையும் நிழலையும் ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டியிருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் டிடியே கூஷ் 2012-இல் கிட்ஸ்பூயெல் டவுன்ஹில்லை ஐந்தாவது முறையாக வென்றபோது அவருக்கு 37 வயது. பிரான்ஸின் யோஹான் க்ளாரே பெய்ஜிங் 2022-இல் வெள்ளி வாங்கியது 41 வயதில். பெண்களில் ப்ரீஸி ஜான்சன் முழங்கால் காயத்தால் அதே பெய்ஜிங் ஒலிம்பிக்கைத் தவறவிட்டு, 2025-இல் டவுன்ஹில் உலகச் சாம்பியன் ஆனார். உங்களுக்கு 23. ஒரு பருவம் என்பது உங்கள் கணக்கில் சின்னத் தொகை.

இவர்கள் எல்லாம் திரும்பி வந்தவர்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். திரும்பாதவர்களின் பெயர் செய்தியில் வருவதில்லை. இரண்டு முழங்காலிலும் ஏ.சி.எல். போய், ஒன்றில் ஜவ்வும் கிழிந்தவருக்கு இன்னும் பத்து இருபது வருடத்தில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கணிசமாக அதிகம். மூன்றாவது காயம் அதை இன்னும் ஏற்றும். இதைத் தெரிந்துகொண்டே ஒருவர் தொடரலாம். தெரியாமல் தொடரக் கூடாது.

அம்மா

அம்மா நேரலையின்போது அறையைவிட்டு வெளியே போய்விடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் பயத்தைக் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். 1994-இல் கார்மிஷ் டவுன்ஹில்லில் உலகச் சாம்பியன் உல்ரிக்கே மையர் இறந்தார். வலைகளும் கவசங்களும் எவ்வளவோ மேம்பட்ட பிறகும், 2017-இல் பிரெஞ்சு வீரர் டேவிட் புவாசோன் ஒரு பயிற்சி ஓட்டத்தில் இறந்தார். ஆபத்து குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. அம்மாவிடம் ஒன்றும் ஆகாது என்று சொல்லாதீர்கள், அவர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. அதற்குப் பதிலாக, அடுத்த முறை அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். அவர் கேள்விகளை அவரே கேட்கட்டும். மாத்திரையையும் வீக்கத்தையும் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

முடிவு உங்களுடையது. அம்மா சொன்னார் என்று நிறுத்தினாலும், பயிற்சியாளர் சொன்னார் என்று தொடர்ந்தாலும், நாற்பது வயதில் அந்த முழங்காலோடு படி ஏறப்போவது நீங்கள்தான். ஆனால் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவை இப்போதே எடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வீங்கிய காலோடும் தூங்காத இரவோடும் அதை எடுக்கவும் கூடாது. ஆஸ்திரியாவின் மத்தியாஸ் மாயர் பனிச்சறுக்கில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2022 டிசம்பரில், போர்மியோ பந்தய நாளன்று, ஓடும் நிலையில் இருந்தபோதே இது போதும் என்று விலகினார். நிறுத்துவதாக இருந்தால் அப்படி, ஓட முடிகிற காலோடு நின்று யோசித்து நிறுத்துங்கள்.

என்னைக் கேட்டால்

டிசம்பர் டவுன்ஹில் வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. டவுன்ஹில் என்றால் பந்தய நாள் மட்டும் அல்லவே, அதற்கு முன்னால் அதே பாதையில் பயிற்சி ஓட்டங்களும் உண்டு. மூன்று நாலு நாள் தொடர்ந்து முழு வேகத்தில் விழும் சுமை அது. அந்த முழங்கால் இப்போது ஒரு நாள் ஜயன்ட் ஸ்லாலமுக்கே வீங்குகிறது.

கேட் பயிற்சியை இரண்டு மூன்று வாரம் நிறுத்தி வையுங்கள். வீக்கம் முழுதாக வற்றிய பிறகு, கேட் இல்லாமல், மிருதுவான பனியில், வேகம் குறைத்து ஆரம்பியுங்கள். மறுநாள் காலை முழங்காலில் வீக்கம் இல்லாமல் இருந்தால் மட்டும் அடுத்த படி. ஜயன்ட் ஸ்லாலம் கேட்கள், பிறகு சூப்பர்-ஜி, எகிறும் மேடுகள் கடைசியில். எல்லாம் நல்லபடியாகப் போனால் மார்ச், ஏப்ரலில் சிறிய பந்தயம் ஒன்றில் ஜயன்ட் ஸ்லாலமோ சூப்பர்-ஜியோ இறங்கிப் பார்க்கலாம். டவுன்ஹில் அடுத்த குளிர்காலம். பயிற்சியாளர் இதை மறுத்தால், அறுவை சிகிச்சை செய்தவரைத் தவிர இன்னொரு நிபுணரிடம் இரண்டாம் கருத்து கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வீரரின் உடல்நலம் போட்டியைவிட முதலில் வர வேண்டும் என்றுதான் ஒலிம்பிக் இயக்கத்தின் மருத்துவ நெறிமுறையும் சொல்கிறது.

அணி மருத்துவர் உங்களை நிறுத்திவிடுவார் என்று பயப்படுகிறீர்கள். அவர் சம்மேளனத்தின் சம்பளம் வாங்குபவர், அதனால் சொன்னதெல்லாம் பயிற்சியாளர் காதுக்குப் போகுமோ என்ற சந்தேகமும் இருக்கலாம். உள்ளே போனதும் முதலில் இதைக் கேளுங்கள்: "நான் சொல்வதில் எது பயிற்சியாளருக்குப் போகும்?" பொதுவாக, இவர் ஓடலாம், ஓடக் கூடாது, இன்ன கட்டுப்பாடு என்பது மட்டும்தான் போக வேண்டும். மற்றது உங்கள் சம்மதத்தோடு. அதைத் தெளிவாக்கிக்கொண்ட பிறகு வீக்கம் எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மாத்திரை, எந்த மருந்து, எகிறும் முன் பின்னால் சாய்வது, தூக்கம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாயால் சொல்ல வராது, எழுதிக் கொடுத்தால் முடியும். காய்ச்சல் வந்தாலோ, முழங்கால் சூடாகச் சிவந்தாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ அந்தத் தாளுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.